வட்டப் பைக்கு என்ன விலை?

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கயிற்றுப் பை பின்னும் குழுவின் சார்பாகப் பேசியது)



நான் பத்தாவது வரை படிச்சவ. மைக்கைப் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லை. குரோஷா ஊசியைப் பிடிச்சுத்தான் பழக்கம். அதனால ஊசி, கயிறு, பின்னி முடிச்ச பை ஒண்ணு, மூணையும் கொண்டு வந்திருக்கேன். பையை முன் வரிசையில கொடுக்குதேன். ஒவ்வொருத்தரா கையில் வாங்கிப் பார்த்துட்டுப் பின்னாடி அனுப்புங்க. பை சுத்தி வர்றதுக்குள்ள நான் ரெண்டு விஷயம் சொல்லி முடிச்சிருவேன். ஒண்ணு, இதை எப்படிப் பின்னுறது. இன்னொண்ணு, இதுக்கு என்ன விலை சொல்றது. ரெண்டாவதுதான் நாம இன்னைக்குக் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியது.

முதல்ல கயிறு. நம்ம ஊர்ல ஒயர் கூடை பின்னாத வீடு இல்லை. அந்த ஒயர் இதுக்கு ஆகாது, வளையாது. இதுக்கு 4 மில்லி, 5 மில்லி கனத்துல வர்ற முறுக்குக் கயிறு வேணும். பருத்தியிலயும் இருக்கு, பாலியஸ்டரிலயும் இருக்கு. பருத்திக் கயிறு கைக்கு மெதுவா இருக்கும், சாயம் நல்லாப் பிடிக்கும். ஆனா தண்ணி குடிக்கும், அழுக்கு ஏறும், கனம் தூக்கத் தூக்க இழுத்துக்கிட்டுப் போகும். பாலியஸ்டர் கயிறு வழுக்கும், புதுசாப் பின்னுறவங்களுக்குக் கொஞ்சம் கை வலிக்கும். ஆனா நனைஞ்சா சீக்கிரம் காயும். நாங்க குற்றாலம் சீசனை நம்பித்தான் பை பின்னுதோம். அருவிக்கு வர்றவங்க ஈரக் கையோட தூக்குற பை. அதனால பாலியஸ்டரையே எடுக்குதோம்.

ஊசி 5 அல்லது 6 மில்லி. லேஸ் பின்னுற சன்ன ஊசியில இந்தக் கயிறு மாட்டாது. பையோட பின்னல் இறுக்கமா, நிமிர்ந்து நிக்கணும்னா சின்ன ஊசி. தளர்வா, மெத்துன்னு வேணும்னா பெரிய ஊசி.

இப்போ வட்டம். இதுல ஒரே ஒரு கணக்குத்தான். ஆறாம் வாய்ப்பாடு தெரிஞ்சா போதும். நடுவுல ஒரு சுருக்கு வளையம் போட்டு, அதுக்குள்ள ஆறு கண் பின்னணும். ரெண்டாவது சுத்துல ஒவ்வொரு கண்ணுலயும் ரெண்டு ரெண்டு, மொத்தம் 12. மூணாவது சுத்துல ஒரு கண்ணுல ஒண்ணு, அடுத்த கண்ணுல ரெண்டு, இப்படியே மாத்தி மாத்தி, மொத்தம் 18. நாலாவது சுத்துல ரெண்டு கண்ணுல ஒவ்வொண்ணு, மூணாவதுல ரெண்டு, மொத்தம் 24. இப்படி ஒவ்வொரு சுத்துக்கும் ஆறு ஆறா ஏறணும். பத்தாவது சுத்து முடியுறப்போ 60 கண் இருக்கும். வட்டம் ஏறக்குறைய 8 அங்குலம் வரும். சின்னச் சாப்பாட்டுத் தட்டு ஒண்ணைக் கவிழ்த்து வச்சு அளவு பாருங்க.

ஆறு ஆறா ஏறலைன்னா வட்டமே சொல்லிரும். கண் குறைஞ்சா ஓரம் எழும்பிக் கிண்ணம் மாதிரி குவியும். கூடிப் போனா பாவாடைக் கொசுவம் மாதிரி அலை அலையா நெளியும். அப்படி நெளிஞ்சா இழுத்து, இஸ்திரி போட்டு நேராக்கிரலாம்னு பார்க்காதீங்க, ஆகாது. பிரிச்சுத்தான் ஆகணும். சுத்து எங்க தொடங்குதுன்னு தெரிய முதல் கண்ணுல ஒரு ஊக்கைக் குத்தி வச்சுக்கோங்க. இன்னொண்ணு, கண் கூட்டுற இடம் ஒவ்வொரு சுத்துலயும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா வந்தா வட்டம் அறுகோணமா மூலை தட்டும். அதனால கூட்டுற இடத்தைச் சுத்துக்குச் சுத்துக் கொஞ்சம் தள்ளிப் போடணும். புள்ளிக் கோலம் போடுற நமக்கு இதெல்லாம் பெரிய கணக்கு இல்லை.

இதே மாதிரி ரெண்டு வட்டம். அப்புறம் பக்கத்துக்கு நாலு கண் அகலத்துல நீளப் பட்டி ஒண்ணு. வட்டத்தோட 60 கண்ணுல 42 கண் வரைக்கும் சுத்தி வர்ற அளவு பட்டி வேணும். அளந்து பார்த்துக்கிட்டே பின்னுங்க. மீதி 18 கண் பையோட வாய். அங்கதான் ஜிப் வரும். வட்டத்தையும் பட்டியையும் சேர்த்து வச்சு, ரெண்டு கண்ணையும் ஒண்ணா ஊசியில எடுத்துப் பின்னிச் சேர்க்கணும். நூலால தைக்கக் கூடாது, கனம் ஏறினா விட்டுரும்.

உள்ளே துணி கட்டாயம் வேணும். கயிற்றுப் பின்னல் இடைவெளியில சில்லறையும் பேனாவும் வழுக்கி விழுந்துரும். தோள் வாருக்கு உள்ளே ஒரு நாடாவை வச்சுத் தைச்சுட்டா வார் நீண்டு தொங்காது. பாலியஸ்டர் நுனியை நெருப்பு காட்டி உருக்கி அடைக்கலாம். பருத்தி நுனியை அப்படிச் செய்ய முடியாது, எரிஞ்சு போகும். ஊசியில கோத்து உள்பக்கமா ஒளிச்சுத் தைக்கணும்.

இவ்வளவுதான் பின்னல். விருப்பம் இருக்கிறவங்க எங்க குழு கூடுற அன்னைக்கு வாங்க, பக்கத்துல உட்கார வச்சுச் சொல்லித் தாரோம்.

இனி விலைக்கு வாரேன்.

ஒரு பைக்கு 350 கிராம் கயிறு ஆகுது. நாங்க வாங்குற கயிறு கிலோ 360 ரூபாய். அப்போ கயிறு 126 ரூபாய். உள்துணி, ஜிப், நாடா, நூல் 45 ரூபாய். வளையமும் கொக்கியும் 30 ரூபாய். சரக்கு எடுக்கப் போய் வர்ற பஸ் செலவைப் பங்கு போட்டா பைக்கு 5 ரூபாய். மொத்தம் 206 ரூபாய். இதுவரைக்கும் எல்லாக் குழுவும் எழுதுது. இதுக்கு மேல ஒரு நூறு ரூபாய் வச்சு, "300 ரூபாய் சொல்லுவோம், போதும்"னு முடிச்சிருதோம்.

ஆனா ரெண்டு வட்டம் பின்ன மூணு மணி நேரம் ஆகுது. பட்டிக்கு ஒரு மணி நேரம். சேர்க்க ஒரு மணி நேரம். வார், உள்துணி, ஜிப் தைக்க ரெண்டு மணி நேரம். மொத்தம் ஏழு மணி நேரம். இது எங்க குழுவுல கடிகாரத்தைப் பார்த்து நோட்டுல எழுதின கணக்கு. வேகமாப் பின்னுறவங்களும் இருக்காங்க, மெதுவாப் பின்னுறவங்களும் இருக்காங்க. நடுவாந்தரமா எடுத்தது ஏழு.

இந்த ஏழு மணி நேரத்துக்கு என்ன கூலி? நாமளே ஒரு ரேட்டைக் கற்பனை பண்ண வேண்டாம். நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் வருஷத்துக்குத் தமிழ்நாட்டுல அறிவிச்ச கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். எட்டு மணி நேர வேலைன்னு வச்சுக்கிட்டா மணிக்கு 42 ரூபாய். ஏழு மணி நேரத்துக்கு 294 ரூபாய். அதோட சாமான் செலவு 206ஐச் சேர்த்தா சரியா 500 ரூபாய். இதுல லாபம்னு ஒரு ரூபாய்கூட இல்லை. கண்காட்சிக்குப் போற வண்டிச் செலவு, விற்காமத் தங்குற பை, வார் அறுந்து திரும்பி வந்தா சரி பண்ணிக் கொடுக்கிறது, இதுக்கெல்லாம் குழுவுக்கு 50 ரூபாய் வேணும். அதனாலதான் எங்க பை 550 ரூபாய்.

போன மாசம் ஒரு வியாபாரி எங்க குழுவுக்கு வந்தார். பேர் வேண்டாம். கயிறு, ஜிப், வளையம் எல்லாம் அவரே தந்துருவாராம். பைக்கு 60 ரூபாய் கூலியாம். மாசம் நூறு பை எடுத்துக்கிடுவாராம். 60ஐ ஏழால வகுத்துப் பாருங்க. மணிக்கு ஒன்பது ரூபாய்கூட வரல. கேட்டதுக்கு அவர் சொன்னார், "நீங்க வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துலதானம்மா பின்னப் போறீங்க."

எங்க குழுவுல இதுக்கு ரெண்டு அபிப்பிராயம் வந்தது. ஒரு அக்கா சொன்னாங்க, "60 ரூபாய்னாலும் நிச்சயமா வருதுல்ல. 550 சொல்லி விற்காம வீட்டுல தொங்க விடுறதுக்கு இது மேல்." அந்த அக்கா சொன்னது தப்பு இல்லை. சங்கத்துக் கடன் தவணை தேதி வந்தா நிக்காது. அவங்க கஷ்டம் அவங்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் நாங்க அந்த ஆர்டரை எடுக்கல. ஏன்னு சொல்லுதேன்.

முதல் காரணம், சும்மா இருக்கிற நேரம்னு ஒண்ணு நம்ம யார்கிட்டயும் இல்லை. எனக்குப் பின்னக் கிடைக்கிறது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனப்புறம், தண்ணி பிடிச்சு, துணி துவைச்சு, ஆட்டுக்குத் தழை போட்டு, மதியச் சோறு வச்சது போக ஒன்றரை மணி நேரம். ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் என் தூக்கத்துலேர்ந்து எடுத்தது. ஒரு பை முடிக்க மூணு நாள் ஆகுது. மூணு நாளுக்கு 60 ரூபாய்.

ரெண்டாவது, நம்ம தென்காசிப் பக்கத்துல பீடி சுத்தாத தெரு உண்டா? ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கிப் பழகினவங்க நாம. இலை குறைஞ்சா நம்ம கைக்காசு, கழிவுன்னு ஒதுக்கினா நம்ம கணக்குல கழிவு. எத்தனை மணி நேரம் குனிஞ்சு உட்கார்ந்தோம், கழுத்து எப்படி வலிச்சுதுன்னு அந்தக் கணக்குல எழுத இடமே கிடையாது. பைப் பின்னலைக் கத்துக்கிட்டதே இன்னொருத்தர் போடுற ரேட்டுல இருந்து வெளியே வரணும்னுதான். பீடித் தட்டை இறக்கி வச்சுட்டு அதே கணக்கைக் கயிற்றுல தொடங்கவா இவ்வளவு பாடு?

மூணாவது ஒரு விஷயம், இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஸ்வெட்டர் பின்ன மிஷின் இருக்கு, துணி நெய்ய மிஷின் இருக்கு. குரோஷாப் பின்னலை அப்படியே போடுற மிஷின் தொழிற்சாலைகள்ல புழக்கத்துல இல்லை. கடையில தொங்குற குரோஷாப் பை எதுவா இருந்தாலும், எந்த நாட்டுலேர்ந்து வந்திருந்தாலும், யாரோ ஒருத்தர் கையால கண் கண்ணாப் பின்னினதுதான். அது 200 ரூபாய்க்குக் கிடைக்குதுன்னா, அந்தக் கைக்குக் கூலி சரியா போகலைன்னுதான் அர்த்தம். அந்தக் கையோட நாம போட்டி போட்டு விலையை இறக்கக் கூடாது.

"சரி, 550க்கு யார் வாங்குவா?"ன்னு கேப்பீங்க. நம்ம தெருவுல வாங்க மாட்டாங்க, உண்மைதான். நாமளே வாங்க மாட்டோம். நாங்க விற்கிறது குற்றாலத்துல சாரல் சீசன்ல, கல்லூரிச் சந்தையில, மகளிர் திட்டம் போடுற கண்காட்சியில. ஒவ்வொரு பையிலயும் ஒரு சின்ன அட்டை கட்டுதோம். "ஏழு மணி நேரம் கையால் பின்னியது, தண்ணீரில் அலசலாம், வார் அறுந்தால் சரிசெய்து தருவோம்"னு எழுதி, குழுப் பேரும் போட்டிருக்கும். விலையைக் கேட்டுட்டுத் திரும்பிப் போறவங்க உண்டு. அட்டையைப் படிச்சுட்டு எடுத்துக்கிட்டுப் போறவங்களும் உண்டு. போன சீசன்ல 31 பை போச்சு, எட்டு பை தங்கிருச்சு. தங்கினது தீபாவளிக் கண்காட்சியில போச்சு. மிஞ்சின துண்டுக் கயிற்றுல நாலு சுத்து வட்டம் பின்னி, சில்லறைப் பை 80 ரூபாய்னு போட்டோம். பெரிய பை வாங்காதவங்க அதையாவது வாங்குனாங்க. அதுக்கும் கூலி கணக்குப் போட்டுத்தான் விலை வச்சோம்.

இப்போ நான் கூட்டமைப்புக்கு வைக்கிற வேண்டுகோள். நம்ம ஊராட்சியில மூணு குழு இந்தப் பை பின்னுது. ஒரு குழு 550 சொல்லுது, ஒரு குழு 400, இன்னொரு குழு 300. வாங்க வர்றவர் மூணு வீட்டுக்கும் போறார். கடைசியில யார் குறைச்சலாச் சொன்னாங்களோ அந்த விலைதான் மூணு குழுவுக்கும் விலை ஆகிப் போகுது. நாம யாரும் பேசி வைக்காமலே நம்மளை நாமளே இறக்கிக்கிடுதோம்.

அதனால மூணு காரியம் கேக்குதேன். கயிற்றை மூணு குழுவும் சேர்ந்து மொத்தமா எடுப்போம், கிலோவுக்குக் கொஞ்சமாவது குறையும். விலையைக் கூட்டமைப்புல வச்சு ஒரே விலையா எழுதி, எந்தக் குழுவும் அதுக்குக் கீழே போகாம இருப்போம். அடுத்தது, எல்லாக் குழுவோட கணக்கு நோட்டுலயும் 'நேரம்'னு ஒரு கட்டம் போடுவோம். பை பின்னுறவங்க மட்டும் இல்லை, மசாலாப் பொடி அரைக்கிற குழு, ஊறுகாய் போடுற குழு, எல்லாரும்.

1989ல தர்மபுரியில மகளிர் குழுக்கள் தொடங்கினப்போ, சேமிப்பு எழுதவும் கடன் எழுதவும் கத்துக்கிட்டாங்க நம்ம பெண்கள். அதுலேர்ந்து இந்த நோட்டு நம்ம கையில இருக்கு. போட்ட பணத்தை எழுதுதோம், வாங்கின கடனை எழுதுதோம், வட்டியைக் காசு சுத்தமா எழுதுதோம். போட்ட நேரத்தையும் எழுதுவோம்.

பை இப்போ கடைசி வரிசைக்குப் போயிருக்கும்னு நினைக்கேன். வச்சிருக்கிற அக்கா, அந்த அட்டையை ஒரு தடவை சத்தமாப் படிச்சுட்டு, தலைவி அக்காகிட்ட கொடுத்திருங்க. விலை பேசுற கூட்டத்துக்கு அவங்க தேதி சொல்லுவாங்க. மூணு குழுவும் அவங்கவங்க நோட்டோட வாங்க.