வயிற்று வலியும் பெற்றோரும்



பள்ளிக்குப் புறப்படும் நேரம். "அம்மா, வயிறு வலிக்குது" என்கிறது பிள்ளை. பல வீடுகளில் நடப்பதுதான். 1958-இல் இங்கிலாந்தில் இரண்டு மருத்துவர்கள் 1,000 பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். பத்தில் ஒரு பிள்ளைக்கு அடிக்கடி வயிற்று வலி இருந்தது.

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். கடுமையான வலி, காய்ச்சல், ஓயாத வாந்தி, மலத்தில் இரத்தம், எடை குறைதல் இருந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

"நோய் இல்லை" என்று மருத்துவர் சொன்னால், பிள்ளை நடிக்கிறது என்று அர்த்தமா? இல்லை. குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. பயம் வந்தால் வயிறு நிஜமாகவே வலிக்கும். கோர்ட்டுக்குப் போகிற அன்று பெரியவர்களுக்கே வயிறு கலக்குகிறது அல்லவா?

இதற்கு மனநல சிகிச்சை உண்டு. மெதுவாக மூச்சு விடப் பழக்குவார்கள். பயத்தைப் பேச வைப்பார்கள். ஆனால் பிள்ளை அங்கே இருப்பது கொஞ்ச நேரம். மீதி நேரம் நம் வீட்டில்தான். அதனால் பெற்றோருக்கும் பயிற்சி தருகிறார்கள்.

"வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. கேட்கக் கேட்க, பிள்ளையின் கவனம் வலியிலேயே நிற்கும். வலித்தால் லீவு, டிவி, மிட்டாய் என்றும் பழக்கக் கூடாது. அடிக்கவும் கூடாது. "வலிக்குது, எனக்குத் தெரியும். முகம் கழுவு, கிளம்பலாம்" என்று சொல்லுங்கள். போய் வந்ததும் பாராட்டுங்கள். பெற்ற மனம் கேட்காது. இதுதான் கஷ்டமான பாடம். அம்மா அனுப்பும்போது பாட்டி நிறுத்திக்கொண்டால் பயனில்லை.

பள்ளியில் யாராவது அடிக்கிறார்களா, கழிப்பறை சரியில்லையா என்றும் மெல்ல விசாரியுங்கள். காரணம் அங்கே இருந்தால் ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள்.

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணை அழைக்கலாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.