தீவாந்திர சிட்சை யாருக்கு?

(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



'தீவாந்திர சிட்சை' என்று நம் தாத்தா காலத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். நம் பீனல் கோடிலும் 1955 வரை அது இருந்தது. பிறகுதான் 'ஆயுள் சிறை' என்று மாறியது. அந்த வார்த்தையைக் கேட்டவுடன் கொலைகாரன், கொள்ளைக்காரன் ஞாபகம்தான் வரும். ஆனால் அதை இங்கே கொண்டுவந்த இங்கிலாந்தின் சரித்திரத்தைப் படித்தால் விஷயம் வேறு.

அங்கே 1718 முதல் சாதாரணத் திருட்டுக்கே 7 வருஷம் கடல் கடத்தலாம். முதலில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே சுதந்திரப் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. 1787 மே மாதம் 11 கப்பல்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பின. 1868 வரை போனவர்கள் சுமார் 1,62,000 பேர். பெரும்பாலோர் செய்தது திருட்டுதான். துணி, ஆடு, கைக்குட்டை!

ஒரு வீட்டிலிருந்து 40 ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினால் தூக்கு. ஜூரிகள் என்ன செய்தார்கள் தெரியுமோ? பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்மானித்துவிடுவார்கள். கழுத்து தப்பும், கப்பல் ஏறினால் போதும். அடியேன் பௌதிகம் படித்தவன், பிறகு சர்க்கார் உத்தியோகம். அளவைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியே பழக்கம். ஆனாலும் அந்த ஒரு ஷில்லிங்குக்கு நான் ஆட்சேபணை எழுதமாட்டேன்.

திருடாதவர்களும் போனார்கள். டார்செட் பிராந்தியத்தில் டால்படில் என்று ஒரு கிராமம். அங்கே விவசாயக் கூலிகளின் வாரக் கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 7-க்கு இறங்கி, 6 ஆகும் என்ற நிலை. 6 பேர் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். சங்கம் வைப்பது அப்போது குற்றமில்லை. ஆகவே, சங்கத்தில் சேரும்போது ரகசியப் பிரமாணம் செய்தார்கள் என்று, கடற்படைக் கலகத்தை ஒட்டி 1797-ல் வந்த ஒரு சட்டத்தைத் தேடி எடுத்தார்கள். 1834-ல் ஆளுக்கு 7 வருஷம் தண்டனை.

லண்டனில் பெரிய ஊர்வலம், மனுமேல் மனு. 1836-ல் மன்னிப்பு வந்தது. அவர்களில் ஜார்ஜ் லவ்லெஸ் என்பவர் ஊர் திரும்பியதே 1837-ல்தான்.

அப்படித் திரும்பியவர்களில் 5 பேர், சில வருஷங்களில் தாங்களாகவே குடும்பத்தோடு கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஊரிலேயே இருந்த ஜேம்ஸ் ஹாமெட் 1891-ல் டார்செஸ்டர் ஏழைகள் விடுதியில் காலமானார்.