வீடும் வீதியும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நமது சங்கம் அங்கத்தினர்க்கு வீட்டுமனை வாங்கித்தரக் கருதியிருக்கும் இவ்வேளையில், வீட்டைக் குறித்துச் சில கூற விழைகின்றேன். யான் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். கட்டடக் கலை அறியேன். ஆயினும் வீடென்பது சுவரும் கூரையும் மட்டுமன்று என்பது அறிவேன்.

ஸ்காட்லாந்து தேசத்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் என்பார் 1914-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். எடின்பரோ நகரில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பழங்குடியிருப்பிலேயே மனைவியாருடன் குடிபுகுந்து அதனைச் சீர்ப்படுத்தியவர் அவர். தஞ்சை, மதுரை முதலிய நம் ஊர்களையும் நேரிற் கண்டு ஆராய்ந்தார். சந்துகளைச் சுகாதாரக் கேடென்று கூறி, வீடுகளை வரிசையாக இடித்து நேர்சாலை அமைப்பதே அக்காலத்து அதிகாரிகள் பலர் கைக்கொண்ட முறை. கெடிஸோ, புண்ணை மட்டும் அறுத்து உடலைக் காக்கும் வைத்தியரைப் போல, பாழ்பட்ட சில மனைகளை மட்டும் நீக்கி, அவ்விடத்தே மரம் நட்டுக் காற்றும் ஒளியும் புகச் செய்தல் போதும் என்றார். வீடிழந்தோர் எங்கே செல்வர்? அடுத்த சந்திலன்றோ ஒண்டுவர்! ஆதலின் ஓரிடத்து நெருக்கம் தீர, மற்றோரிடத்து நெருக்கம் மிகும் என்பது அவர் கண்ட உண்மை.

இவ்வுண்மையை நாம் பின்னும் மறந்தோம். 1970-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் தோன்றியது. தொடக்கத்தில் குடிசை நின்ற இடத்திலேயே மாடி வீடுகள் பல எழுந்தன. 2000-ஆம் ஆண்டுக்குப் பின்னரோ, சென்னையின் ஆற்றங்கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல, நகரின் தென்கோடியிலுள்ள கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. உறுதியான வீடு கிடைத்தது. ஆனால், வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்டிர் பலர் அவ்வேலையை இழந்தனர். கூலியின் ஒரு பகுதியைப் பஸ் கட்டணம் விழுங்கிற்று. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், குடும்பம் பெயர்ந்தபின் இரண்டு பஸ் மாறிச் சில மாதம் வந்தான், பின்னர் வரவில்லை. அவன் இருந்த இடம் வெறுமையாயிருந்ததை யான் இன்னும் மறந்திலேன்.

ஆதலின் சங்கத்தாரிடம் மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன். மனையின் விலை மலிவென்பதனால் மட்டும் மயங்காதீர்கள். அங்கிருந்து பள்ளியும் வைத்தியசாலையும் தொழிலிடமும் எத்துணைத் தொலைவென்று அளந்து பாருங்கள். வாங்கும் நிலத்தில் முன்னரே குடியிருக்கும் ஏழைகள் உளராயின், அவர்களை அகற்றி நாம் குடியேறுதல் தகாது. மூன்றாவது விண்ணப்பம் சிலருக்குக் கசக்கும். அம்மனைகளை நம்மவர்க்கே என்று மதிலிட்டு அடையாதீர்கள். ஒரு சாராரை ஊருக்குப் புறத்தே ஒதுக்கிவைத்த பழம்பிழையில் நம் முன்னோர்க்கும் பங்குண்டு. அதனைச் சிமெண்டினால் மீண்டும் கட்டுதல் நமக்கு அழகன்று.

நம் பிள்ளைகள் அயலாரின் பிள்ளைகளோடு ஒரே தெருவில் விளையாடி வளர்வார்களாக. அத்தெருவே சங்கம் அவர்களுக்கு அளிக்கும் பெருஞ்செல்வமாகும்.