தவக்காலமும் நம் பசியும்



சாம்பல் புதன் தொடங்கி உயிர்ப்புப் பெருவிழாவின் முந்நாள் வரை, ஞாயிறுகளை நீக்கி எண்ணினால் 40 நாள்கள். இதனையே தவக்காலம் என்கிறோம். அறுவடை முடிந்து, களத்துமேடு ஓய்ந்து, கூலிவேலை அருகிப்போகும் மாசி, பங்குனி நாள்களும் இவைதாம். நம் முன்னோர்க்கு நோன்பு தனியே வந்ததில்லை. பசியோடு சேர்ந்தே வந்தது.

ஆயினும் பசி வேறு, நோன்பு வேறு. பிறர் நம்மீது சுமத்திய பட்டினியைத் தவமென்று புகழ்ந்து, பொறுத்திருக்கப் போதிப்போர் உளர். அதனை நாம் ஏற்பதற்கில்லை. எசாயா நூலின் 58-ஆம் அதிகாரத்தை இளைஞர்கள் நிதானமாகப் படித்தல் வேண்டும். வேலையாள்களை ஒடுக்கிக்கொண்டே உண்ணாதிருப்போரை அங்கே இறைவன் கடிந்துகொள்கிறார். நுகத்தை முறிப்பதும், பசித்தவனோடு உணவைப் பகிர்வதுமே அவர் விரும்பும் நோன்பு.

அவ்வளவுகோலால் முதலில் திருச்சபையையே அளந்து பார்ப்போம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், இறந்தோரையும் சாதியால் பிரித்து எழுந்த சுவரை நாடறியும். சுவரை எழுப்பிவிட்டுச் சிலுவைப்பாதை நடப்பது எந்த நோன்பில் சேரும்? அரசும் நமக்கு இரங்கவில்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியார் என்னும் தகுதியை இந்துக்களுக்கே வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரான நம்மவர் வெளியே நிற்கின்றனர்.

இரக்கத்தை நாம் கண்டது நம் பாட்டிமாரிடத்தில்தான். கடின உடலுழைப்பாளர்க்கு ஒருசந்தியிலிருந்து திருச்சபையே விலக்கு அளித்திருந்தது. மண் சுமந்த உடம்போடு அவ்விலக்கை அவர்கள் வேண்டாமென்றனர். உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டனர். கலயம் நிறைந்ததும் அது கோயிலுக்குப் பிடியரிசியாகப் போயிற்று. தம் இல்லாமையிலிருந்து தாமே விரும்பி அப்பிடியை எடுத்த வேளையில் அவர்கள் எவர்க்கும் அடிமையாய் இருக்கவில்லை.

இன்று நம்மில் பலர் மாதச் சம்பளக்காரர். நகரில் வீடு கட்டியபின் பழைய தெருவை எட்டிப் பாராதோரும் நம்மிடையே உண்டு. ஆசிரியர் கூட்டமும் இதற்கு விலக்கன்று. இறைச்சியை விடுவது எளிது. மீன் மலிந்த ஊரில் அது விரதமாகவே தோன்றாது! மாலையில் ஒரு மணி நேரத்தை விடுவதே கடினம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வுக்காலமும் தவக்காலமும் ஒருங்கே வருகின்றன. கணக்கிலும் ஆங்கிலத்திலும் தடுமாறுகின்றனர். படித்த இளைஞர்கள் மாலை 6 மணிக்குக் கோயில் முற்றத்திற்கு வாருங்கள். பாய் விரித்து வைக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.