உப்புக்கண்டம்: ஒரு சொல்லும் ஒரு வரலாறும்



இந்த நினைவுப் பேருரைக்கு ஒரு சமையல் சொல்லை எடுத்து வந்திருக்கிறேன்: உப்புக்கண்டம். பிரிட்ஜ் வந்த பிறகு பிறந்த நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது.

கண்டம் என்றால் துண்டு. 'கண்டதுண்டமாக' என்று இன்றும் சொல்கிறோம். வடசொல் என்பார்கள். கற்கண்டில் உள்ள 'கண்டு'க்கும் அதே வேர்தான் என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. கற்கண்டு கோயில் தட்டுக்குப் போனது. உப்புக்கண்டம் வாசலோடு நின்றது. சொல்லுக்கும் ஊர், சேரி உண்டு.

செய்முறை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கறியை நீளவாக்கில் மெல்லிசாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, கயிற்றில் கோத்து, நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயப்போடுவார்கள். உப்பும் வெயிலும் ஈரத்தை எடுத்துவிட்டால் கறி கெடாது. பானையில் போட்டு வைத்தால், வேலையில்லாத மழைக்காலத்தில் நாலு துண்டு போதும், குழம்பு மணக்கும். மாடு என்றைக்கோ கிடைக்கும். பசி தினமும் வரும். இரண்டுக்கும் நடுவில் நம் பெண்கள் கண்டறிந்த வழி இது.

ஆட்டுக்கறியிலும் உப்புக்கண்டம் உண்டு. கொங்குப் பக்கம் அது விருந்து. மாட்டுக்கறியில் போட்டால் மட்டும் இழிவு. உப்பும் வெயிலும் ஒன்றுதான்; மாறியது சாதி.

'உப்புக்கண்டம் பறிகொடுத்த பாப்பாத்தி போல' என்று ஒரு பழமொழி. இழந்ததை வெளியே சொல்ல முடியாமல் விழிப்பவரைச் சொல்வது. தின்பது குற்றமில்லை, தெரிவதுதான் குற்றம் என்று ஊரே ஒப்புக்கொண்ட பழமொழி அது. வீட்டு முன் கயிறு கட்டிக் காயப்போட்ட நமக்கோ ஒளிக்க இடமில்லை.

1948இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் அண்ணல் அம்பேத்கர், பவுத்தர்கள் மீதான வெறுப்பையும் மாட்டிறைச்சி உண்டதையும் தீண்டாமையின் இரு வேர்களாகக் காட்டினார். 1927இல் மகாடில், செத்த மாட்டின் கறியைக் கைவிடுங்கள் என்று கேட்டவரும் அவரே. இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். சாதி நம் மீது திணித்ததை மரபு என்று கொண்டாட வேண்டியதில்லை. அதையும் உணவாக்கிய கைகளின் அறிவை இழக்கவும் வேண்டியதில்லை.

அகராதியில் இந்தச் சொல்லுக்குப் பொருள் இருக்கிறது. யார், எந்தக் கறியில், எந்தப் பசிக்குப் போட்டார்கள் என்பது அங்கே இல்லை. உங்கள் வீட்டுப் பாட்டிகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்கிறபடியே எழுதி வையுங்கள்.