ஓடுகிறவனின் நாடி

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)

தியானப் பகுதி: ஆதியாகமம் 33:12-14

 

ஓட்டத்தைப் பற்றிய செய்திகளை நாம் அநேகந்தரம் கேட்டிருக்கிறோம். கொரிந்துவுக்கு அருகே இஸ்த்மியா என்னும் இடத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை விளையாட்டுப் பந்தயங்கள் நடந்தன. அந்தப் பட்டணத்தில் ஒன்றரை ஆண்டு தங்கி ஊழியம் செய்த அப்போஸ்தலனாகிய பவுல், வாடிப்போகிற கிரீடத்துக்காக ஓடுகிறவர்களை நமக்கு மாதிரியாகக் காட்டினார். இன்று நாம் ஓடுகிறவனின் வேகத்தைப் பார்க்காமல், அவனுடைய நாடியைப் பார்ப்போம்.

டிரையத்லான் என்றொரு பந்தயம் உண்டு. முதலில் நீச்சல், அடுத்து சைக்கிள், கடைசியில் ஓட்டம். மூன்றையும் ஒரே நாளில், இடைவிடாமல் முடிக்க வேண்டும். இதில் மிகக் கடினமானவற்றில் ஒன்று 'அயர்ன்மேன்'. அது 1978இல் ஹவாய்த் தீவுகளில் தொடங்கியது. 3.8 கிலோமீட்டர் கடலில் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன்பின் 42 கிலோமீட்டர் ஓட வேண்டும். முதல் ஆண்டில் புறப்பட்டவர்கள் 15 பேர்; முடித்தவர்கள் 12 பேர். இதில் பாதித் தூரமுள்ள பந்தயம் 2018இல் கொழும்பிலும் 2019இல் கோவாவிலும் நடந்தது. நம் சபை வாலிபரிலும் சிலர் இதற்காக விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்கிறார்கள். அவர்களுடைய மார்பில் ஒரு பட்டையும் மணிக்கட்டில் ஒரு கடிகாரமும் இருக்கும். "அது எதற்கு, ஐயா?" என்று பெற்றோர் எங்களைக் கேட்பதுண்டு. அதுதான் இதயத் துடிப்பைக் காட்டும் ஹார்ட் ரேட் மானிட்டர்.

இதற்கு நீண்ட சரித்திரம் உண்டு. நாடியை நிமிடக் கணக்கில் எண்ணுவதற்கென்றே ஒரு கடிகாரத்தை 1707இல் ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கிலேய மருத்துவர் அறிமுகப்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஐந்தோவன், இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.சி.ஜி. கருவியை உருவாக்கினார். அன்று நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்து உட்கார வேண்டும். கருவியின் எடையோ ஏறத்தாழ 270 கிலோ! அந்தப் பணிக்காக 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்லாந்து நாட்டின் போலார் நிறுவனம் 1982இல் கம்பியில்லாத கருவியை வெளியிட்டது. மார்புப் பட்டை துடிப்பை அறிகிறது. கடிகாரம் எண்ணைக் காட்டுகிறது. நம் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலருகே ஒளிரும் எண்ணும், ஓடுகிறவனின் கையில் தெரியும் எண்ணும் ஒரே இதயத்தின் பேச்சுதான்.

இந்தச் சிறு கருவி நமக்குக் கற்பிக்கும் மூன்று காரியங்களைத் தியானிப்போம்.

முதலாவது, பெலன் மிகுதியாய் இருக்கும்போதே அளவைப் பார்க்க வேண்டும்.

பந்தயம் தொடங்கும்போது எல்லாருக்கும் உற்சாகம். பல வாரம் பயிற்சி செய்து, கடைசி நாட்களில் ஓய்வெடுத்த உடம்பு அது. கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. துப்பாக்கி வெடித்தவுடன் நூற்றுக்கணக்கானோர் தண்ணீரில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நீந்துகிறார்கள். நாடி மேலே பாய்கிறது. நீந்தும்போது கடிகாரத்தைப் பார்க்கவும் முடியாது. ஆகவே தேர்ந்தவர்கள் ஓரமாய் நின்று, முதல் சில நிமிடங்கள் வேண்டுமென்றே மெதுவாக நீந்துகிறார்கள். கரையேறிச் சைக்கிளை நோக்கி ஓடும்போது துடிப்பு இன்னும் ஏறும். சைக்கிளில் உட்கார்ந்த முதல் அரைமணி நேரத்தில் அது இறங்கி நிலைப்படக் காத்திருப்பதே ஞானம்.

ஆனால் அந்த அரைமணி நேரம்தான் சோதனை. கால்கள் லேசாக இருக்கின்றன. பக்கத்திலிருப்பவன் முந்துகிறான். "என்னால் முடியும்" என்று மனம் சொல்கிறது. "அதிகம், குறைத்துக்கொள்" என்று கையிலுள்ள எண் சொல்கிறது. மனதைக் கேட்டவன் அதன் விலையை உடனே கொடுப்பதில்லை. ஐந்து மணி நேரம் கழித்து, ஓட்டத்தில் கொடுக்கிறான். காரணம் எளிது. தசையிலும் ஈரலிலும் நாம் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்து கொஞ்சம்தான். துடிப்பு மிக உயர்ந்தால் உடம்பு அதை வேகமாக எரிக்கும். நிதானமாகப் போனால் கொழுப்பிலிருந்தும் பெலன் எடுத்துக்கொள்ளும். அதுமட்டுமல்ல, அதிகமாய் உழைக்கும் கால்களுக்கே இரத்தம் போய்விட்டால், வயிறு ஆகாரத்தையும் தண்ணீரையும் ஏற்றுக்கொள்ளாமல் தள்ளிவிடும்.

எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பாருங்கள். ஆகாபின் இரதத்துக்கு முன்னே யெஸ்ரயேல்மட்டும் ஓடினவர், சில நாட்களுக்குள் சூரைச்செடியின்கீழ் சாவைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளாமல், உறங்கவிட்டு, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அதற்குப் பிறகே ஓரேப்வரைக்கும் அவரால் நடக்க முடிந்தது. வழி நீண்டது என்று நம்மைவிட நன்றாய் அறிந்தவர் நம் தேவன்.

இரண்டாவது, அவனவனுக்கு அவனவன் அளவு.

மார்க் ஆலன் என்ற அமெரிக்கர் ஹவாய்ப் பந்தயத்தில் பலமுறை தோற்றவர். பயிற்சியில் எப்போதும் முழு வேகத்தில் ஓடுவது அவர் வழக்கம். ஃபில் மாஃபட்டோன் என்ற பயிற்சியாளர் அவருக்கு ஒரு கணக்குச் சொன்னார்: 180இலிருந்து உன் வயதைக் கழி, நோயோ பலவீனமோ இருந்தால் இன்னும் குறை, அந்த எண்ணைத் தாண்டாமல் பயிற்சி செய். ஆலனுக்கு வந்த எண் 155. அதற்குள் ஓடப் பார்த்தால், ஒரு மைலுக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. உலகப் புகழ்பெற்ற வீரனுக்கு அது வெட்கமான வேகம். மற்றவர்கள் அவரைக் கடந்துபோனார்கள். அவர் பொறுத்துக்கொண்டார். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் அதே 155 துடிப்பில் ஐந்தரை நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடினார். இதயம் பலப்பட்டிருந்தது. 1989இல் எட்டு மணி நேரத்துக்கு மேல் போராடி, டேவ் ஸ்காட் என்ற பெரும் வீரரை 58 விநாடி வித்தியாசத்தில் வென்றார். அதோடு சேர்த்து 1995வரை ஆறுமுறை அந்தப் பட்டத்தைப் பெற்றார்.

இன்னொருவரின் எண்ணை நாம் கடன்வாங்க முடியாது. ஒரே வயதுள்ள இருவரில் ஒருவருக்கு 150 துடிப்பு சுகமான ஓட்டம். மற்றவருக்கு அது மூச்சுத்திணறல். ஒரே ஆளுக்குக்கூடச் சைக்கிளில் ஒரு எண், ஓட்டத்தில் அதைவிடச் சற்று உயர்ந்த எண். ஆகவே பந்தயத்துக்கு முன் பல வாரம் தன் நாடியைப் பார்த்துப் பழகியவனுக்கே அந்தக் கருவி பயன்படும். பந்தய நாளில் புதிதாய் வாங்கிக் கட்டிக்கொண்டவனுக்கு அது வெறும் எண்தான்.

யாக்கோபின் வழிப்பயணமும் இப்படித்தான். நானூறு பேரோடு வந்த ஏசா, "சேர்ந்து போவோம்" என்று அழைத்தான். அண்ணனோடு அப்போதுதான் ஒப்புரவானவன் யாக்கோபு. மறுப்பது எளிதல்ல. ஆனாலும், பிள்ளைகள் இளசுகள், ஆடுமாடுகள் கறவையாயிருக்கின்றன, ஒருநாள் அதிகமாய் ஓட்டினால் மந்தையெல்லாம் மடிந்துபோகும் என்று எடுத்துச் சொல்லி, பிள்ளைகளின் கால்நடைக்குத் தக்கதாய் மெதுவாய் வருவேன் என்றான். தன் கையில் ஒப்புவிக்கப்பட்டவர்களின் நாடியை அறிந்தவன் அவன்.

மூன்றாவது, எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு.

ஓட்டத்தின் பிற்பகுதியில், வேகம் கூடாமலே துடிப்பு ஏறும். வெயிலில் வியர்வை போகப்போக இரத்தத்தின் அளவு குறைகிறது. உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் போக வேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தம் குறைவதால் அது அடிக்கடி துடிக்கிறது. அந்நேரம் தண்ணீர் குடித்து, தலையில் ஊற்றி, வேகத்தைக் குறைக்க வேண்டும். காப்பி, தூக்கமின்மை, காய்ச்சல், பயம் ஆகியவையும் எண்ணை ஏற்றும். சில இரத்த அழுத்த மாத்திரைகள் அதை ஏறவிடாமல் தடுக்கும். ஆகவே எண்ணோடு மூச்சையும் கவனிக்க வேண்டும். திணறாமல் ஒரு வாக்கியம் பேச முடிகிறதா என்பது பழைய சோதனை. இன்றும் நல்ல சோதனை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கருவி துடிப்பை எண்ணுமேயன்றி இரத்தக்குழாயின் அடைப்பைக் காட்டாது. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான் பந்தயங்களை ஆராய்ந்த மருத்துவர்கள், மரணங்களும் இதயம் நின்று காப்பாற்றப்பட்டவர்களுமாக 135 சம்பவங்களைக் கணக்கிட்டார்கள். அவற்றில் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். சராசரி வயது 47 அளவில். பந்தயத்தில் இறங்கியவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது லட்சத்துக்கு இரண்டுக்கும் குறைவுதான். ஆனால் ஒரு வீட்டில் தகப்பன் திரும்பி வராவிட்டால், அந்த வீட்டாருக்கு எந்த விகிதக் கணக்கும் ஆறுதல் தராது. அப்படிப்பட்ட குடும்பங்களோடு அவசரப் பிரிவின் வாசலில் நின்று ஜெபிப்பது எங்கள் ஊழியம். ஆகையால் அன்போடு சொல்லுகிறோம்: நாற்பது வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும், குடும்பத்தில் மாரடைப்பு கண்டவர்களும் கடுமையான பயிற்சி தொடங்குமுன் மருத்துவரைப் பாருங்கள். ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால், கடிகாரம் என்ன காட்டினாலும் உடனே நின்றுவிடுங்கள். பதக்கம் அடுத்த ஆண்டும் கிடைக்கும்.

முகத்தைப் பார்க்கிறவர்கள் மனிதர். இருதயத்தைப் பார்க்கிறவர் கர்த்தர் என்று சாமுவேல் கற்றுக்கொண்டார். எந்தப் பட்டையாலும் அளக்க முடியாததை அவர் அளக்கிறார்.

பிரியமானவர்களே, இந்த மூன்றும் நம் ஊழியத்துக்கும் பொருந்தும். மிஷன் மருத்துவமனை நெடுந்தூரப் பந்தயம். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் வேலூரில் ஒரே படுக்கையோடு பணியைத் தொடங்கினார். 1902இல் மருத்துவமனை, 1909இல் நர்ஸ் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று ஒவ்வொரு படியாக அது வளர்ந்தது. முதல் படுக்கையிலிருந்து மருத்துவப் பள்ளிவரை 18 ஆண்டுகள்! அவசரப்பட்டிருந்தால் இடையிலே முறிந்திருக்கும்.

இங்கேயும் எரிந்து ஒளிகொடுத்து, ஓய்வெடுக்காமல் உழைத்து, இரண்டு ஆண்டில் சோர்ந்துபோகிற இளம் மருத்துவரும் செவிலியரும் உண்டு. அவர்களுடைய நாடியை நாம் பார்க்க வேண்டும். விடுப்பும் உறக்கமும் சூடான ஆகாரமும் ஊழியத்துக்குத் தடை என்று எண்ணாதீர்கள். அவை தூதன் கொண்டுவந்த அப்பம். அவர்களைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள்.

காணிக்கையைக் குறித்தும் ஒரு வார்த்தை. கூட்டத்தின் உணர்ச்சியில் தன் அளவுக்கு மேல் வாக்குக்கொடுத்து, பின்பு கொடுக்கவும் முடியாமல் முகங்காட்டவும் கூசி ஒதுங்கிப்போகிறவர்கள் உண்டு. அந்தக் கூச்சம் எங்களுக்குத் துக்கமாயிருக்கிறது. எஜமான் தாலந்துகளை அவனவன் திறமைக்குத் தக்கதாகவே கொடுத்தார். மாதந்தோறும் தவறாமல் வருகிற ஐம்பது ரூபாயும் நூறு ரூபாயும் இங்கே ஏழை நோயாளிக்கு மாத்திரையாகவும் இரத்தப் பரிசோதனையாகவும் மாறுகின்றன. பக்கத்துச் சபை என்ன கொடுத்தது என்று பார்க்காதீர்கள். உங்கள் வீட்டின் நாடியைப் பார்த்து, நிலைத்திருக்கக்கூடிய அளவில் சந்தோஷமாய்க் கொடுங்கள்.

மடோனா பூடர் என்ற அமெரிக்கக் கன்னியாஸ்திரீ தம் 48ஆம் வயதில்தான் ஓடத் தொடங்கினார். 52ஆம் வயதில் முதல் டிரையத்லான். 75ஆம் வயதில், 2005இல், ஹவாய்ப் பந்தயத்தை முடித்தார். 2012இல் கனடாவில் 82 வயதில் முழு அயர்ன்மேன் தூரத்தையும் முடித்தார். பந்தயத்துக்குக் குறித்த நேரம் 17 மணி. அவர் அதற்குள் வந்துசேர்ந்தார். முதலில் வந்தவர்கள் எத்தனையோ மணி நேரத்துக்கு முன்பே முடித்திருந்தார்கள். அதனால் அவருடைய ஓட்டம் குறைந்துபோகவில்லை.

நம்மில் அநேகர் வயதில் மூத்தவர்கள். முன்போல ஓட முடியவில்லையே என்று கலங்க வேண்டாம். நாம் எந்த அளவில் நடக்கிறோம் என்பதை நம்மை உருவாக்கினவர் அறிந்திருக்கிறார். பிள்ளைகளின் நடைக்கும் மந்தையின் நடைக்கும் தக்கதாய் நடத்துகிற நல்ல மேய்ப்பர் அவர். அவர் குறித்த நேரத்துக்குள், அவர் தந்த பெலத்தோடு, நாமும் எல்லைக்கோட்டைச் சேருவோம்.

உங்கள் சரீரத்தையும் ஆத்துமாவையும் குடும்பங்களையும் கர்த்தர் தாமே காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.