மைதானத்தின் சாவி



இன்று உடற்கல்வியில் பட்டம் பெறும் இளைஞர்களே, உங்களில் பலர் விரைவில் ஏதாவதொரு பள்ளியில் பி.இ.டி. ஆசிரியராக இருப்பீர்கள். தேர்வு நெருங்கியதும் உங்கள் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கேட்பார். கொடுக்காதீர்கள். ஏன் என்று கேட்டால் ஐஸ்லாந்தைச் சொல்லுங்கள்.

1998இல் அந்நாட்டில் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர், முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். தினமும் புகைப்பவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைந்தார்கள். எப்படி? பிள்ளைகள் இரவில் வெளியே திரியச் சட்டம் வரம்பு கட்டியது. பெற்றோர் கூட்டாகத் தெருக்களில் ரோந்து வந்தார்கள். விளையாட்டு, இசை, நடனக் குழுக்களுக்கு அரசு பணத்தைக் கொட்டியது. ரெய்க்யவிக் நகராட்சி, குழுக் கட்டணத்துக்கென்றே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கியது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் கால்பந்துப் பயிற்சிக்குப் போனான்.

சரி, ஒரு கூடத்தைக் கட்டி நாலு கேரம் பலகை வாங்கிப் போட்டால் ஆயிற்று என்று நினைக்கத் தோன்றும். ஆகாது. சுவீடனில் 14 வயதினரைப் பற்றி மஹோனி, ஸ்டாட்டின் என்ற இரு ஆய்வாளர்கள் 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரியவர் ஒருவர் முன்நின்று நடத்தும் குழுக்களில் இருந்த பிள்ளைகளிடம் தகாத நடத்தை குறைவாக இருந்தது. யாரும் முன்நின்று நடத்தாமல் சும்மா பொழுதைக் கழிக்கும் இளைஞர் மையங்களுக்குப் போனவர்களிடம் அது கூடுதல். ஏற்கெனவே தடம் மாறிய பிள்ளைகளே அங்கே அதிகம் போயிருக்கலாம்தான். அப்படியே இருந்தாலும், அவர்கள் வந்து நின்ற இடத்தில் அவர்களை முன்நின்று நடத்த ஆளில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

நம் பள்ளிகள் பலவற்றில் மைதானம் உண்டு. மணியடித்ததும் பூட்டிவிடுகிறோம், மண்டலப் போட்டிக்குத் தேர்வான அணிக்கு மட்டும் திறக்கிறோம். அந்த அணிப் பிள்ளைகளைக் கவனிக்கப் பள்ளியே இருக்கிறது. பந்தைத் தவறவிடுகிறவன், ஷூ இல்லாதவன், வீட்டில் அம்மா வேலை முடிந்து வர இருட்டிவிடும் என்பதால் தெருமுனையில் நிற்பவன், இவர்களுக்கு உங்களை விட்டால் ஆளில்லை. பெண் பிள்ளைகளுக்கோ தெருமுனைகூட இல்லை.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே தலைமையாசிரியரிடம் மைதானத்தின் சாவியைக் கேளுங்கள். மாலை ஆறு மணிவரை அங்கேயே இருங்கள். எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஒருவன் வராவிட்டால், மூன்றாம் நாள் அவன் வீட்டுக்கு நீங்களே போங்கள்.